மூன்று மாதம் கழித்து வாங்க

எங்கள் தொழிலில் ரத்தம் எடுக்க ஒரு நிமிடம், முடிவு சொல்ல அரை மணி நேரம், அந்த முடிவை நம்பலாமா என்று சொல்ல மூன்று மாதம். ராயபுரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் ஆலோசகராக உட்கார்ந்திருக்கிறேன். பல வருடம் வெளிநாட்டில் இதே மாதிரி வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் பிறந்த பேட்டைக்கே திரும்பி வந்து பிடித்த வேலை. அங்கே 'விண்டோ பீரியட்' என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொள்வார்கள். இங்கே அதைத் தமிழில் புரியவைப்பதற்குள் எனக்கே காய்ச்சல் கண்டுவிடும். ஏதாவது ஒரு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்து நகத்தைக் கடித்துத் தீர்த்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நெகட்டிவ், ஆனால்

தாஸ் காசிமேட்டு விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். இரண்டு மாத மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய அன்று வந்தார். போன வாரம் வெளியூர்த் துறைமுகம் ஒன்றில் படகைக் கட்டியிருந்தபோது ஒரு தப்பு நடந்துவிட்டது. ஆணுறை இல்லை. மூன்று நாளுக்குள் வந்திருந்தால் தடுப்பு மாத்திரை தொடங்கியிருக்கலாம். அவர் நடுக்கடலில் இருந்தார். முந்தின நாள்தான் கரை சேர்ந்திருக்கிறார். விரலில் குத்திப் பார்த்தோம், நெகட்டிவ். மனிதர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

"உட்காருங்க தாஸ்" என்றேன். கிருமி நுழைந்திருந்தாலும், உடம்பு அதை எதிர்த்துச் செய்கிற பொருள் ரத்தத்தில் தெரிய நாளாகும். எங்கள் சோதனைக் கிட் அதைத்தான் தேடும். பெரிய லேபில் வேறொரு சோதனை இருக்கிறது, ஒன்றரை மாதத்தில் சொல்லிவிடும் என்றேன். இன்னோர் இடத்தில் போய் இந்தக் கதையைச் சொல்ல முடியாது என்றுவிட்டார். அப்படியானால் தப்பு நடந்த நாளிலிருந்து மூன்று மாதம். அதுவரை மனைவியோடும் ஆணுறை கட்டாயம்.

முகம் தொங்கிப்போனது. கல்யாணமாகி நான்கு வருடம். மனைவி ஸ்டெல்லா குழந்தைக்காக இதே ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடக்கிறாராம். ஆணுறையோடு போனால் என்ன கேட்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. தலையைக் குனிந்தபடியே சொன்னார்: "வருசம் பூரா கடல்ல கீறேன் சார். வூட்ல கீற ரெண்டு மாசத்துல தள்ளிப் படுன்றியே, அவளாண்ட இன்னான்னு சொல்லுவேன்?"

மூன்று சீட்டு

அதே வாரம் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிற ஒருவர். எங்களிடம் நெகட்டிவ் வாங்கிக்கொண்டு போய், வண்ணாரப்பேட்டையில் ஒரு லேப், மாதவரத்தில் ஒரு லேப் என்று ஏறி இறங்கி, சீட்டுகளை என் மேசையில் விசிறி மாதிரி விரித்தார். "மூணு மாசம் இன்னாத்துக்கு சார், அதான் மூணு சீட்டு கீதே?" தப்பு நடந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள், எங்கள் லேப் டெக்னீஷியன் மெஹருன்னிசா சீட்டுகளை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார். தண்டையார்பேட்டைக்காரர், விளக்கமெல்லாம் கிடையாது. "அண்ணே, ஹார்பர் கேட்டு மூடிகினு கீறப்போ மூணு வாட்டி ஆரன் அடிச்சா தொறந்துடுவானா?"

காவி வேட்டி

மே மாதக் கடைசியில் தாஸ் இரண்டாவது சோதனைக்கு வந்தார். காவி வேட்டி, கழுத்தில் மாலை. வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்து போகிறவர்கள் மாதாவுக்கு மாலை போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். போட்டுவிட்டால் மது, மீன்-கறி, மனைவி மூன்றும் விலக்கு. ஆனால் திருவிழா செப்டம்பரில். கத்திரி வெயிலில் மாலை போட்ட ஒருவரை நான் பார்த்தது அன்றுதான்.

இந்த முறையும் நெகட்டிவ். நல்ல அறிகுறி, ஆனால் முடிவு அல்ல என்றேன். ஸ்டெல்லாவிடம் சொல்லிவிடுங்கள், அழைத்து வந்தால் நானும் கூட இருக்கிறேன் என்றும் சொன்னேன். மாலையை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். "மாதா பேரச் சொல்லி பொய் சொல்லிகினு கீறேன். மாதா மன்னிச்சுடும் சார். ஸ்டெல்லா?"

பூட்டிய வாய்

ஜூன் நடுவில் தடை நீங்கியது. படகுகள் கிளம்பின, தாஸும் போய்விட்டார். சில நாள் கழித்து ஒரு பெண் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார். "தாஸு சம்சாரம். எங்க வூட்டுக்காரு இந்த ரூம்லேந்து வெளிய போனத லேடீஸ் ஓ.பி. க்யூல நின்னுகினு பாத்தேன். இன்னாத்துக்கு வந்தாரு?"

யார் வந்தார், யார் வரவில்லை என்று சொல்ல எங்களுக்கு வாய் கிடையாது. "யாரைப் பத்தியும் யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்மா. நாளைக்கு உங்களைப் பத்திக் கேட்டாலும் இதே பதில்தான்" என்றேன். இரண்டு ஊர்ப் படிப்பிலும் எனக்குக் கற்றுத் தந்த வாக்கியம் அதுதான். அவர் சுவரில் ஒட்டியிருந்த எச்.ஐ.வி. போஸ்டரை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு எழுந்தார். "நீ சொல்ல வாணாம் சார். மால போட்ட ஆளு, தெனம் நெத்திலிக் கொழம்ப வழிச்சித் துன்னுட்டு மொட்ட மாடில போயி படுத்துக்குனாரு. அப்போ அந்த மால மாதாவுக்குப் போட்டதில்ல, எனக்குப் போட்டது."

கழற்றப் போன கை

ஜூலையில், கெடு முடிந்த பிறகு, இருவரும் சேர்ந்தே வந்தார்கள். படகு கரையைத் தொட்டதும், ஐஸ் பெட்டி இறக்கும் முன்னே ஸ்டெல்லா கேட்டிருக்கிறார். அங்கேயே, வலைக்குவியல் ஓரமாக உட்கார்ந்து, தாஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். ரிசல்ட்டுக்குக் காத்திருந்த அரை மணி நேரமும் எங்கள் பெஞ்சில் இருவருக்கும் நடுவே இன்னோர் ஆள் உட்காரும் அளவு இடைவெளி இருந்தது.

நெகட்டிவ். "இதுதான் முடிவு. அந்தத் தப்பைப் பத்தி இனிமே சந்தேகம் வேண்டாம்" என்றேன். மூன்று மாதமாக நான் சொல்லக் காத்திருந்த வாக்கியம். தாஸ் சத்தமில்லாமல் அழுதார். மெஹருன்னிசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுது முடித்து, தாஸ் மாலையைக் கழற்றக் கையைத் தூக்கினார். ஸ்டெல்லா அந்தக் கையை அப்படியே பிடித்து இறக்கினார். "உன்னோட மூணு மாசம் முட்ஞ்சிச்சி. என்னோட கெடு இன்னிக்கிதான் ஆரம்பிக்குது. வேளாங்கண்ணிக்கு நடந்து போயி கழட்டு. அதுவரிக்கும் மீனும் கெடையாது."

ரத்தத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டால் காலண்டரைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். ஒரு மனைவிக்கு எத்தனை நாள் என்று பார்க்கிற கிட், நான் வேலை பார்த்த இரண்டு நாட்டிலும் இன்னும் சப்ளைக்கு வரவில்லை.