மளிகைக்கடைக்காரர் வீட்டுக் கார்

பெரம்பலூர் நாலு ரோட்டுப் பக்கம் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் சின்ன வெள்ளைக் கார் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா வாய் தவறி, "பொண்ணு மஸ்கட்லேருந்து வந்துருக்கு" என்று சொல்லிவிட்டார். அதுவரை உட்கார்ந்தபடியே பேசிக்கொண்டிருந்த கன்சல்டிங்காரர் எழுந்து எங்களுக்கு ஜூஸ் வாங்கிவர ஆள் அனுப்பினார். ஜூஸ் வந்து சேர்வதற்குள் காரின் விலை ஏறிவிட்டது.

"இதெல்லாம் உங்களுக்கு ஒரு காசாங்க மேடம்?" என்றார்.

மஸ்கட்டில் நான் பள்ளிக்கூட டீச்சர். கணவருக்கு ஒரு கம்பெனியில் ஸ்டோர் வேலை. வாடகையும் மகனின் படிப்புச் செலவும் போக மிஞ்சுவது என்ன என்று அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஜூஸைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்ததால் சம்பளமில்லாத லீவில் ஊருக்கு வந்திருந்தேன். குன்னத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா மக்காச்சோளமும் பருத்தியும் போடும் விவசாயி. வாழ்நாளில் ஆஸ்பத்திரிப் படி ஏறாதவர். வலது கையும் காலும் சொன்னபடி கேட்கவில்லை, பேச்சு குழறியது. வாரத்தில் மூன்று நாள் பெரம்பலூருக்குப் பிசியோதெரபிக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். பஸ் படியில் அவரை ஏற்ற முடியாது. ஆட்டோவில் போனால் குலுக்கலில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவார். நானும் அம்மாவும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துக்கொள்வோம். வாடகைக் காருக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. பழைய காராவது ஒன்று வாங்கிவிடலாம் என்று இறங்கியபோதுதான், பழைய கார்கள் எல்லாம் புதுக் கார் விலைக்குப் போய்விட்டது தெரிந்தது. அரியலூரில் கொஞ்சம் குறைந்த விலைக்கு ஒன்று கிடைத்தது. கூட வந்த மெக்கானிக் அதன் கதவுகளைத் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு விதமாகச் சத்தம் போட்டது. "அடிபட்ட வண்டிங்க. பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சுருக்காங்க" என்று என் காதோரம் சொன்னார்.

அன்று போனில் கணவரிடம் புலம்பினேன். மறுநாள் மஸ்கட்டிலிருந்து வேறொருவர் கூப்பிட்டார். எங்கள் கட்டடத்தின் கீழே மளிகைக்கடை வைத்திருப்பவர். லப்பைக்குடிக்காட்டுக்காரர்; பாலும் கறிவேப்பிலையும் வாங்க நான் தினமும் போய் நிற்கும் கடை.

"டீச்சர், சார் சொன்னாங்க. நம்ம வூட்ல ஒரு கார் சும்மாத்தான் நிக்குது. நான் லீவுக்கு வந்தா எடுக்கறதோட சரி. நீங்க போய்ப் பாருங்க. புடிச்சிருந்தா, அங்க கேக்குற வெலையெல்லாம் வேணாம், நியாயமா ஒண்ணு போட்டுக்குவோம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே லப்பைக்குடிக்காட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அவர் மனைவிக்கு என்னைவிடச் சில வயது குறைவாக இருக்கும். வாசலுக்கே வந்து, "வாங்கக்கா, வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். பிள்ளைகள் காலேஜுக்குப் போய்விட்டார்கள் என்றார். டீ கொண்டுவந்து வைத்தார். கார்ப் பேச்சை எடுக்கவே இல்லை.

"அக்கா, நீங்க அவங்கள தெனமும் பாக்குறீங்கல்ல?" என்று கேட்டார்.

"ஆமா, காலையில பால் வாங்கப் போறப்ப பாப்பேன்."

"ரொம்ப மெலிஞ்சுட்டாங்களா? வீடியோல மொகத்த மட்டும்தான் காட்றாங்க. கேட்டா நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னுதான் சொல்றாங்க."

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். மெலியவில்லை, கொஞ்சம் தொப்பைகூட விழுந்திருக்கிறது. மதியம் கடையிலேயே ஒரு குட்டி அடுப்பில் சமைத்துக்கொள்கிறார். மீன் வறுத்தால் இரண்டாவது மாடி வரை வாசம் வரும். பெருநாளன்று கட்டடத்தில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் பிரியாணி அனுப்புவார். கணவரைப் பற்றி வேறொரு பெண் சொல்வதை இவ்வளவு ஆசையாகக் கேட்ட ஒருவரை நான் பார்த்ததில்லை. மீன் வறுக்கிறார் என்றதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இங்க இருந்தா ஒரு முட்டைய ஒடைக்கத் தெரியாதுக்கா!"

அதற்கப்புறம்தான் காரைக் காட்டினார். ஷெட்டில் போர்வை போர்த்திய நீல நிறக் கார். துவைத்த பழைய புடவைகளைத் தைத்துச் சேர்த்த போர்வை. வாரம் ஒரு தடவை தெரிந்த ஆளை வைத்து ஸ்டார்ட் பண்ணி நிறுத்துகிறார்களாம்.

"ஓட்டிப் பாருங்கக்கா. நானும் வர்றேன்."

நான் நேராகப் போய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். எதிரே ஸ்டியரிங் இல்லை. லைசென்ஸ் எடுத்தது பெரம்பலூரில் என்றாலும் நான் உண்மையில் ஓட்டிப் பழகியது மஸ்கட்டில். அங்கே எல்லாம் தலைகீழ். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. இடம் மாறி உட்கார்ந்து கிளப்பினேன். இண்டிகேட்டர் போட நினைத்தபோதெல்லாம் வைப்பர் ஓடியது. கியரைத் தேடிய வலது கை கதவில் போய் இடித்தது. ஆனால் வண்டி தங்கமான வண்டி. ஊரைத் தாண்டி இரண்டு பக்கமும் சோளக்காடு வந்ததும் என் கை பழகிவிட்டது, சீராக ஓட்டினேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கால்களையும் கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் வந்து இறங்கினேன். வாங்குகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்கக்கா. எனக்கு இத விக்க மனசு வல்ல."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. வெயிலில் பஸ் பிடித்து வந்திருக்கிறேன், வீட்டில் அப்பா கட்டிலில் கிடக்கிறார். கோபம்கூட வந்தது. "உங்க வீட்டுக்காரர்தானே சொன்னார்?" என்று கொஞ்சம் வெடுக்கென்றே கேட்டேன்.

அவர் அங்கேயே நின்று மஸ்கட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "காரை விக்க வேணாங்க. நான் ஓட்டப் போறேன்."

அந்தப் பக்கம் கடையில் யாரோ ரொட்டி கேட்பது கேட்டது. பிறகு, "நீயா?" என்றார்.

"ஆமா, நான்தான். டீச்சரக்கா ஓட்றாங்க, நான் ஓட்டக் கூடாதா?"

"நான் எப்ப வேணாம்னு சொன்னேன்? நீ இதுவரைக்கும் கேக்கலியே" என்றார் அவர். பிறகு என்னிடம், "டீச்சர், நீங்க தப்பா நெனச்சுக்காதீங்க" என்று தயங்கினார்.

அவர் மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "நான் முழுசும் சொல்லலியே அக்கா. அப்பாவ கூட்டிட்டுப் போற நாளெல்லாம் நீங்க இந்த வண்டிய எடுத்துக்குங்க. நானும் கூட வர்றேன். போற வர்ற வழியில எனக்குச் சொல்லிக் குடுங்க. நீங்க மஸ்கட்டுக்குக் கெளம்பறதுக்குள்ள ஒங்களுக்கு ஒரு நல்ல வண்டி நான் பாத்துத் தர்றேன், இன்ஷா அல்லாஹ்."

என் கோபத்தை நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது. சரி என்றேன்.

அப்படித்தான் அந்த மாதங்கள் போயின. காலையில் பஸ்ஸில் லப்பைக்குடிக்காடு போவேன். இருவருமாகக் காரில் எங்கள் ஊருக்கு வருவோம். அப்பாவைப் பின்சீட்டில் அம்மாவோடு உட்காரவைத்துப் பெரம்பலூர் போவோம். கடைக்காரர் மனைவி முதல் நாளே அப்பாவின் முதுகுக்கு வைக்க இரண்டு தலையணை கொண்டுவந்திருந்தார். எல்.எல்.ஆர். கைக்கு வந்ததும், திரும்பி வரும்போது ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில் ஸ்டியரிங்கை அவரிடம் கொடுப்பேன். முதலில் முயலைப் போலக் குதித்துக் குதித்து நின்றது வண்டி. அம்மா பின்னால் முருகனைக் கூப்பிடுவார், முன்னால் இவர் பிஸ்மில்லா சொல்வார்.

ஒருநாள் வெங்காய மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று வயலிலிருந்து சடாரென்று ரோட்டில் ஏறியது. பின்னாலிருந்து கணீரென்று ஒரு குரல்: "பிரேக்! பிரேக்!"

வண்டி நின்றது. டிராக்டர் கடந்து போனது. நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் அப்பாவைத் திரும்பிப் பார்த்தோம். ஸ்ட்ரோக் வந்த பிறகு எங்களுக்கு விளங்கும்படி அவர் சொன்ன முதல் வார்த்தை அது. அம்மா அழுதார். வண்டி ஓட்டிய கடைக்காரர் மனைவி ஸ்டியரிங்கை விடாமலே, "அப்பா, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். அப்பா சிரிக்கப் பார்த்தார்; பாதி முகம் சிரித்தது.

லீவு முடியப்போகும் சமயத்தில், அதற்குள் எனக்குத் தோழியாகிவிட்டிருந்த கடைக்காரர் மனைவி சொன்னபடியே ஒரு வண்டி பார்த்திருந்தார். அரியலூரில் ரிட்டயர் ஆன ஒரு தம்பதியின் கார். மகனோடு சென்னைக்குப் போகப்போகிறார்கள். கிளம்பும்போதே என்னிடம், "அக்கா, மஸ்கட்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்க. பேச்ச நான் பாத்துக்கறேன்" என்றார். நான் கழுத்துச் செயினைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன்.

மெக்கானிக் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். விலை பேச ஆரம்பித்தார்கள். அந்த வீட்டு அம்மாவிடம் இவர் பேச்சோடு பேச்சாக எங்கள் அப்பா "பிரேக்" என்று கத்திய கதையைச் சொன்னார். அந்த அம்மா தன் கணவரை உள்ளே கூப்பிட்டுப் போய் ஏதோ பேசினார். வெளியே வந்து சொன்ன விலை, நாங்கள் கேட்கலாம் என்று நினைத்திருந்ததைவிடக் குறைவு. "அப்பாவுக்குத்தானே எடுக்குறீங்க. நல்லபடியா வச்சுக்குங்க" என்றார் அந்தப் பெரியவர். வெளிநாட்டில் இருக்கிறேன் என்பதை மறைத்துவிட்டோமே என்று எனக்கு உறுத்தியது. ஆர்.சி. புக்கை வாங்கும்போது சொல்லியே விட்டேன். "அதனாலென்னம்மா, எங்க பொண்ணும் துபாய்லதான் இருக்கா" என்றார் அந்த அம்மா.

வீட்டுக்கு வரும்வரை என் தோழி என்னை முறைத்துக்கொண்டே வந்தார்.

அப்பா இப்போது கைத்தடியோடு வாசல் வரை நடக்கிறார். அந்தக் காரை ஓட்ட ஊரில் ஓர் ஆக்டிங் டிரைவர் இருக்கிறார். அவர் வராத நாளில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து நீலக் கார் வந்துவிடும் என்று அம்மா போனில் சொல்வார். நான் கேட்காமலே நடக்கும் காரியம் இது.

மளிகைக்கடைக்காரர் போன தடவை ஊருக்குப் போய்விட்டு வந்ததும் பால் வாங்கப் போனேன். "எப்படி இருந்துச்சு பயணம்?" என்று கேட்டேன்.

"திருச்சி ஏர்போர்ட்டுக்கு அவளே வந்துட்டா டீச்சர். நான் ஓட்டறேன்னேன், சாவியத் தர மாட்டேன்னுட்டா. பக்கத்துல உக்காந்தேன்."

"பயந்துட்டீங்களா?"

"இல்ல டீச்சர்" என்று தராசுத் தட்டைத் துடைத்தார். "தூங்கிட்டேன். இத்தன வருசத்துல அந்த ரோட்ல நான் தூங்குனதே இல்ல. வூட்டு வாசல்ல வந்து நிறுத்திட்டுத்தான் எழுப்புனா."