பிரேக் கட்டையைத் தவிர எல்லாம்

சைக்கிளுக்கு என்னென்ன வாங்கி மாட்டலாம் என்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்கும்போதே அவர்கள் முகத்தில் ஒரு பளபளப்பு தெரியும். அது எனக்கு நன்றாகப் பழக்கமான பளபளப்பு. அறுபதுகளில் தாராவியில் நானும் அதே முகத்தோடுதான் திரிந்தேன். ஒரு மடையனுக்கு இன்னொரு மடையனை அடையாளம் தெரியாமல் போகுமா?

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. குர்லாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை. தாராவியில் அண்ணன் குடும்பத்தோடு ஒரே அறையில் இருந்தேன். அண்ணன், மதினி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், நான், அந்த வருஷம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணம் முடித்துக் கூட்டிவந்த என் மனைவி. நடுவில் கயிறு கட்டி ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டிருந்தோம். அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். இந்த லட்சணத்தில்தான் நான் சைக்கிளுக்கு வெல்வெட் சீட் கவர் வாங்கினேன். சிவப்பு வெல்வெட், ஓரத்தில் மஞ்சள் குஞ்சம். மனைவிக்குத் தலையணை உறை கிடையாது என்பது அப்போது என் மனதில் படவே இல்லை.

எங்கள் தெருவில் சைக்கிள் வைத்திருந்த அத்தனை பேருக்கும் இந்தக் கிறுக்கு இருந்தது. ஹாண்டில்பாரில் இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்திருந்தவன் பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கவா வைத்தான்? சிக்னலில் நின்று தலை வாருவான். சக்கரத்தின் நடுவில் வண்ண வண்ணமாக ஒரு பிரஷ் வளையம் போட்டுக்கொள்வோம். அது ஹப்பைத் துடைக்குமாம். தாராவிச் சேற்றில் முழு சக்கரமும் முங்கி வரும்போது ஹப்பை மட்டும் துடைத்து என்ன ஆகப்போகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அடுத்தவன் போட்டிருக்கிறான், அதனால் எனக்கும் வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

என்னிடம் எல்லாமே இருந்தது. ரப்பர் பந்தை அமுக்கினால் 'பாம் பாம்' என்று கத்தும் ஹார்ன். கைப்பிடியில் தொங்கும் பிளாஸ்டிக் நாடா. பின் மட்கார்டில் தாமரைப்பூ வரைந்த ரப்பர் பட்டை. எல்லாவற்றுக்கும் மேலாக டைனமோ லைட். அந்த லைட்டைப் பற்றி நான் பேசாத நாள் கிடையாது. முன்பக்கம் சட்டி மாதிரி பெரிய நிக்கல் விளக்கு. டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்துவிட்டால் மிதிக்க மிதிக்க எரியும். நின்றால் அணைந்துவிடும். அதாவது பள்ளம் எங்கே இருக்கிறது என்று நின்று பார்க்க வேண்டிய நேரத்தில் இருட்டாகிவிடும். அதற்கு மேல், டைனமோ உரசுவதால் சுமை ஏற்றியது போல மிதி கனக்கும். இதை எல்லாம் மறைத்துக்கொண்டு, பட்டறையில் ஏதோ மின்சாரக் கம்பெனியையே நான் சொந்தமாக நடத்துவது போலப் பேசினேன்.

இதையெல்லாம் எனக்கு விற்றவர் எங்கள் ஊர்ப்பக்கத்து அண்ணாச்சி. மாட்டுங்கா போகிற வழியில் சின்ன சைக்கிள் கடை வைத்திருந்தார். ஆளைப் பார்த்ததுமே எவ்வளவு கறக்கலாம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கடையில் இருந்த அத்தனையையும் என் தலையில் கட்டிவிட்டு, விற்க இனி ஒன்றும் இல்லை என்ற நிலை வந்த பிறகுதான் அவருக்குப் பிரேக் ஞாபகம் வந்தது.

"பிரேக் கட்ட ரெண்டு பக்கமும் தேஞ்சு போச்சு வேய். அத மாத்திருவமா?" என்றார்.

"அது கெடக்கட்டும் அண்ணாச்சி. பிரேக் கட்ட யார் கண்ணுக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

அண்ணாச்சியும் சிரித்தார். நானும் சிரித்தேன். கையளவுகூட இல்லாத ரப்பர் துண்டு. இன்று கேட்டால் சைக்கிளுக்கு வாங்கத் தகுந்ததில் முதல் சாமான் அதுதான் என்பேன். அடுத்தது உறுதியான கேரியர், பிறகு காற்றடிக்கும் பம்பு. மற்றதை எல்லாம் சாக்கில் கட்டி மித்தி ஆற்றில் போட்டாலும் சைக்கிள் ஓடும். ஆனால் அன்று பிரேக் கட்டையைக் காட்டி யாரிடம் பெருமை அடிப்பது?

என் மனைவி ஊரில் டீச்சர் டிரெய்னிங் முடித்தவள். அந்த அறையில் அவளுக்குச் செய்ய வேலையும் இல்லை, உட்கார இடமும் இல்லை. மதினி நல்லவர்தான். ஆனாலும் பத்தடி அறையில் இரண்டு பெண்கள் எத்தனை நாளைக்கு ஒருவர் மேல் ஒருவர் இடிக்காமல் இருக்க முடியும்? செம்பூரில் நம்மவர்கள் சிலர் சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு தமிழ்ப் பள்ளி நடத்தினார்கள். அதற்கு ஒரு டீச்சர் தேவை என்று தெரிந்து எழுதிப் போட்டாள். விஜயதசமி அன்று காலை எட்டரை மணிக்கு நேரில் வரச்சொல்லிப் பதில் வந்தது. அன்றைக்குப் புதுப் பிள்ளைகளுக்கு அரிசியில் எழுத்து ஆரம்பிப்பார்கள். அவள் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று அங்கேயே பார்த்து முடிவு செய்வார்கள். வேலை கிடைத்தால் செம்பூர்ப் பக்கம் தனியாக ஒரு ரூம் எடுத்துக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருந்தோம். அவள் அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தாள் என்று எனக்குத்தான் தெரியும்.

"சயான்ல பஸ் ஏறிப் போயிருதேன்" என்றாள்.

"சைக்கிள் இருக்கும்போது பஸ் என்னத்துக்கு?" என்றேன். செம்பூர்க்காரர்கள் என் சைக்கிளைப் பார்க்க வேண்டாமா?

விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூஜை. எங்கள் தெருவில் சைக்கிள்களை வரிசையாக நிறுத்திக் குளிப்பாட்டினோம். நான் என்னுடையதைத் துடைத்த துடைப்பில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். கண்ணைப் பறிக்க வேண்டும் என்று தேங்காய் எண்ணெயைத் துணியில் நனைத்து ஒவ்வொரு கம்பியாகத் தேய்த்தேன். ரிம்மை விட்டுவிடுவேனா? இரண்டு ரிம்மிலும் உள்ளும் புறமும் எண்ணெய். பிறகு சந்தனம், குங்குமம், ஹாண்டில்பாரில் வாழைக்கன்று, செவ்வந்தி மாலை. பிரேக் கட்டைக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். பிரேக் போய் ரிம்மைத்தான் கடிக்கும், எண்ணெய் பட்டால் கடிக்காது, வழுக்கும். இதை ஒரு லேத் பட்டறைக்காரனுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? எட்டு மணி நேரமும் எண்ணெயில் கைவைத்துப் பிழைத்தவன் நான். பூஜைக்குப் போட்ட எண்ணெய் மட்டும் வழுக்காது என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. பூஜை போட்ட வண்டியை அன்று ஓட்டக் கூடாது என்பதால் ஓட்டிப் பார்க்கவும் இல்லை.

மறுநாள் காலை எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். மாலையையும் வாழைக்கன்றையும் நான் வண்டியிலிருந்து எடுக்கவில்லை. அவள் தன்னிடம் இருந்ததில் நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். சர்டிபிகேட்டுகளை ஒரு காகித உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். கேரியரில் பக்கவாட்டில் உட்கார்ந்து, என்னைத் தொடாமல் சீட்டின் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டாள். தெரு முழுக்க ஊர்க்காரர்கள், அவர்கள் முன்னால் புருஷன் இடுப்பைப் பிடிக்கலாமா? தாராவி மெயின் ரோடு சமதளம், பிரேக்குக்கு வேலையே வரவில்லை. ஹார்னுக்குத்தான் வேலை. ஆளில்லாத இடத்திலும் அடித்தேன்.

சயான் பாலத்தில் ஏறும்போது அவள் இறங்கி நடந்தாள். உச்சியில் மறுபடி உட்கார்ந்துகொண்டு, "பையப் போங்க" என்றாள். இறக்கத்தில் சைக்கிள் வேகம் பிடித்தது. பிரேக்கை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. முழுப் பலத்தோடு அமுக்கினேன். கிரீச் என்று ஒரு சத்தம்கூட இல்லை. வெண்ணெயில் விரலை வைத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. கீழே தசராவுக்குச் செவ்வந்திப்பூ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு கைவண்டி குறுக்கே வந்தது.

அந்த நேரத்தில் புத்தியுள்ளவன் காலை ஊன்றிப் பார்ப்பான். நான் ஹார்ன் அடித்தேன். 'பாம் பாம் பாம்' என்று கடைசி வரைக்கும் அடித்துக்கொண்டே போனேன்.

"அரே, பிரேக் மார்! பிரேக் மார்!" என்று, பிரேக்கைப் பிடிக்கச் சொல்லிக் கைவண்டிக்காரன் இந்தியில் கத்தினான்.

மூட்டையில் முட்டிக்கொண்டு நான் ஒரு பக்கம் விழுந்தேன். அவள் இன்னொரு பக்கம் போய் விழுந்தாள். காகித உறை சாக்கடை ஓரத்துத் தண்ணீரில் கிடந்தது. பூமூட்டையில் மோதியதால் எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

இதற்கு அடுத்து நான் செய்ததைச் சொல்ல இன்றும் கூசுகிறது. எழுந்து சைக்கிளை நிமிர்த்தினேன். விளக்கின் கண்ணாடியைத் தடவிப் பார்த்தேன். டைனமோவைச் சாய்த்துவிட்டு, சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினேன். காலை வெயிலில் லைட் எரிந்தது.

"நல்லவேள, லைட்டுக்கு ஒண்ணும் ஆகல" என்று சத்தமாகச் சொன்னேன். சந்தோஷமாகவே சொன்னேன்.

திரும்பிப் பார்த்தபோது அவள் தானே எழுந்து, நனைந்த சர்டிபிகேட்டுகளை ஒவ்வொன்றாக முந்தானையில் ஒற்றிக்கொண்டிருந்தாள். சேலை முழங்காலுக்குக் கீழே கிழிந்திருந்தது. கிழிசலை உள்ளே மடித்துச் செருகிக்கொண்டாள். நான் சொன்னது அவளுக்குக் கேட்டிருந்தது. உறையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ் ஸ்டாப்புக்கு ஓர் ஐம்பது அடிதான், அதற்குள் பஸ்ஸும் வந்துவிட்டது. கைவண்டிக்காரன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவனுடைய பூவுக்கு நியாயம் கேட்டுக்கொண்டிருந்தான். "இரு, நானும் வாறேன்" என்று நான் கத்துவதற்குள் அவள் ஏறிப் போய்விட்டாள்.

பிரேக் இல்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டே செம்பூர் வரை நடந்தேன். பள்ளி வாசலில் தோரணம் கட்டியிருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அழுதுகொண்டே ஒரு குழந்தை. அதன் விரலைப் பிடித்துத் தாம்பாளத்து அரிசியில் 'அ' எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்ததும் குழந்தை அழுகையை விட்டுவிட்டு அரிசியை அள்ளி இறைத்தது. அவளும் சிரித்தாள், சுற்றி நின்ற பெரியவர்களும் சிரித்தார்கள். உள்ளே போக எனக்குத் தைரியம் வரவில்லை. வாழைக்கன்றும் மாலையுமாக நின்ற என் சைக்கிளைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர், "பூ டெலிவரியா? பின்பக்கமா வாங்கோ" என்றார்.

வேலை அவளுக்குக் கிடைத்தது. அடுத்த திங்கள்கிழமை சேர வேண்டும். இதைக்கூட அவள் என்னிடம் சொல்லவில்லை. மதினியிடம் சொன்னாள், மதினி எனக்குச் சொன்னார்.

அந்த வாரம் முழுக்கப் பட்டறை விட்டு வந்ததும் சைக்கிளோடுதான் கிடந்தேன். ரிம் இரண்டையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, மறுபடி துடைத்தேன். அண்ணாச்சியிடம் போய்ப் புதுப் பிரேக் கட்டை வாங்கி நானே பூட்டினேன். ஹார்ன், நாடா, வெல்வெட், கண்ணாடி, டைனமோ எல்லாவற்றையும் கழற்றினேன். பாலத்தில் பத்துத் தடவை ஏறி இறங்கிப் பிடித்துப் பார்த்தேன். இனி யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது என்று நெஞ்சு விம்மியது. மடையன் திருந்தினாலும் திருந்திய பெருமையில் இன்னொரு மடையனாகத்தான் ஆவான் என்பதற்கு நானே சாட்சி.

திங்கள்கிழமை காலை அவள் வெளியே வந்தபோது சைக்கிளைத் தயாராக நிறுத்தியிருந்தேன். பிரேக்கை அமுக்கிக் காட்டினேன்.

"எல்லாத்தையும் கழத்தியாச்சு. பிரேக் கட்ட புதுசு. பயப்படாம ஏறு" என்றேன்.

அவள் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தாள். கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் பேசினாள்.

"வண்டிக்கு என்னெல்லாம் ஆச்சுன்னு ஒண்ணு விடாம பாத்திட்டிய. ஒனக்கு அடிபட்டுச்சான்னு என்ட்ட இன்னும் கேக்கலியே" என்றாள்.

அப்போதுதான் கேட்டேன். அதற்குள் அவள் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தாள். ஒரு வாரமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்திருக்கிறாள்.