செம்மரம் போல ஒரு கிட்டார்

வீட்டிலேயே பாகங்களைப் பூட்டிச் செய்யும் எலக்ட்ரிக் கிட்டாருக்கு, சாயம் நன்றாக ஏறட்டும் என்று வெளிறிய மரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். செம்மரம் போலச் சிவக்க வேண்டும் என்பது என் ஆசை. அப்படியே சிவந்தது.

கழுத்தும் கம்பியும் பூட்டாத அந்தக் கட்டையைத் திருப்பதி நண்பனிடம் காட்டிவிட்டு, துணியில் சுற்றி, திருத்தணி பஸ்ஸில் சாமான் தட்டில் வைத்தேன். எல்லைச் சோதனையில் போலீஸ்காரர் துணியை விலக்கினார். தட்டுக்கு நேர் கீழே இருந்த லுங்கிக்காரரின் சட்டையைப் பிடித்தார்.

"செம்மரம் கடத்திக்கினு போறியாடா?"

"சத்தியமா அது என்னுது இல்லீங்க சார்!"

இரண்டு இருக்கை பின்னால் இருந்தேன். வாயைத் திறந்தால் என்னைப் பிடிப்பார்களே என்ற பயம். அவரைப் படிவரை இழுத்துப் போன பிறகுதான் எழுந்தேன்.

"சார், அது என்னுது. கிட்டார். வெறும் சாயம்."

போலீஸ்காரர் சாவியால் கீறினார். உள்ளே வெளுப்பு.

"மொதல்லியே சொல்லக் கூடாதா சார்?" என்று சிரித்தார். 'டா' போட்ட அதே வாய்.

அந்த மனிதர் பொத்தான் அறுந்த சட்டையைப் பிடித்தபடி வந்து, அதே இடத்தில் உட்கார்ந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு துளி சாயம் போதும், கீறல் மறைந்துவிடும். இன்னும் நான் தொடவில்லை.