சன்னாசி ஓட்டிய குறுக்கு வழி

புக்கிட் ரோத்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் சன்னாசி இருபத்திரண்டு ஆண்டுகளாக டீசல் ஃபோர்வீல் ஓட்டுகிறார். பழக்குலை ஏற்றிய டிரெய்லரைச் சேற்றில் இழுப்பதுதான் அந்த வண்டியின் வேலை. மனைவி புனிதவதி இறந்த நான்காம் நாளே அவர் வேலைக்கு வந்துவிட்டார்.

மூன்றாவது மாதம் எஞ்சின் டக்டக்கென்று அடித்தது, இழுவையும் குறைந்தது. சன்னாசி கவனிக்கவில்லை. சத்தத்தைக் கேட்ட மண்டோர், தோட்டத்து மேற்பார்வையாளர்தான் அவரைப் பட்டறைக்கு அனுப்பினார்.

பட்டறைக்கார அந்தோனி, எஞ்சின் புகையைத் திரட்டி வெளியே தள்ளும் மேனிஃபோல்டைக் கழற்றினான். ஓரத்து போல்ட் இரண்டும் முறிந்திருந்தன. எஞ்சினோடு ஒட்டும் அதன் முகத்தில் இரும்பு ஸ்கேலை வைத்தபோது இரண்டு முனையிலும் வெளிச்சம் தெரிந்தது. இரும்பு வளைந்திருந்தது. சுற்றிலும் கரி படிந்திருந்தது.

"புகை உள்ள வந்திருக்குமே. தலை வலிக்கலையாண்ணே?"

"வலிச்சிருக்கும்," என்றார் சன்னாசி.

பாரம் இழுத்தால் இரும்பு பழுக்கக் காயும், மெல்ல ஆறினால் தாங்கிக்கொள்ளும் என்றான் அந்தோனி. அந்தச் சூட்டோடு தண்ணீர் பட்டாலோ, இழுத்து வந்த கையோடு எஞ்சினை அணைத்தாலோ ஒரு பக்கம் முந்திச் சுருங்கும், பிறகு எந்த போல்ட்டும் அதைப் பிடிக்காது. எந்த வழியாக ஓட்டுகிறீர்கள் என்று கேட்டான்.

சன்னாசி சொன்னார். காலை நடைப் பழக்குலையை இறக்கியதும் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, கால்வாய்க்குள் இறங்கி வீட்டுக்குப் போவார். புனிதவதிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பதினொரு மணிக்குக் கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கால்வாய்ப் பாலத்தைச் சுற்றினால் இருபது நிமிடம் கூடும். வாசலில் சட்டென்று எஞ்சினை அணைத்துவிட்டு மனைவியைத் தூக்கி வந்து உட்காரவைப்பார். இரண்டு வருடம் அப்படித்தான்.

"அண்ணி போயி மூனு மாசமாச்சே. இப்பவும் ஏன் தண்ணில எறக்குறீங்க?"

சன்னாசி யோசித்தார். இப்போதும் அதே நாள்களில், அதே நேரத்துக்கு, வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைப்பார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். திரும்பி வருவார்.

"கை அப்படியே திருப்பிடுது லா," என்றார்.

அவர் அழுவார் என்று நினைத்து அந்தோனி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவர் அழவில்லை. புதுசு எப்போது மாட்டுவாய் என்று மட்டும் கேட்டார். அந்தோனி அன்றே புதுசை மாட்டி, எஞ்சினை அணைப்பதற்கு முன் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடச் சொல்லி அனுப்பினான்.

மறுநாள் சன்னாசி பாலத்தைச் சுற்றிப் போனார். வாசலில் எஞ்சினை ஓடவிட்டு, பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம் ஆனது. அணைக்காமலே ரிவர்ஸ் எடுத்துத் தோட்டத்துக்குத் திரும்பினார்.