மஞ்சள் துணியில் கட்டிய டாலர்

காலை 6.20. சென்னை சென்ட்ரல், புறநகர் ரயில் நடைமேடை. திருத்தணிக்கு டிக்கெட் இருபது ரூபாய். ஏறக்குறைய எண்பத்தைந்து கிலோமீட்டருக்கு இது கொள்ளை மலிவு. டாலர் ஏறினாலும் இறங்கினாலும் அசையாமல் நிற்கிற விலை இந்த நாட்டில் இது ஒன்றுதானோ என்னவோ. ஐப்பசி மழை நசநசவென்று பிடித்திருந்தது. பெட்டியில் பாதிப் பேர் மொட்டை போடப் போகிறவர்கள் என்பது அவர்கள் எண்ணெய் வைக்காமல் விட்டிருந்த தலைகளிலேயே தெரிந்தது.

எனக்கு வேண்டுதல் எதுவும் இல்லை. நான் போனது கோதண்டன் என்ற மனிதரைப் பார்க்க. மூன்று வருடங்களாகப் போக வேண்டும் என்று நினைத்து, மூன்று வருடங்களாகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் தன் தொழில் நடக்கும் கொட்டகையை விற்கிறார் என்று போன வாரம் ஒரு பழைய சகா சொன்னதும் சாக்கெல்லாம் தீர்ந்துபோனது.

நான் யாரென்றும் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் ஒரு வங்கியில் குப்பை கொட்டினேன். கடைசி ஆறு வருடம் அந்நியச் செலாவணிப் பிரிவு. வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் கொண்டுவரும் டாலரை ரூபாயாக்கித் தருவது வேலை. கோதண்டன் அனுப்பிய சரக்கு முடி. கோயில்களில் காணிக்கையாகிற முடியை ஏலத்தில் எடுப்பார். அலசி, சீவி, நீளம் பார்த்துப் பிரித்து, சவுரி செய்கிற அமெரிக்க வியாபாரி ஒருவருக்கு அனுப்புவார். பக்தர்கள் முருகனுக்குக் கொடுத்தது டாலராகித் திரும்பி வரும். நேர்மையான தொழில், நல்ல மனிதர்.

எனக்கு உவமை சொல்கிற வியாதி உண்டு. இந்தக் கட்டுரையில் உவமைகள் அதிகம் இல்லையென்றால் அதற்குக் காரணம் கோதண்டன்தான்.

7.50. திருவாலங்காடு. வண்டி சிக்னலுக்காக நின்றது. இரண்டு பக்கமும் கரும்பு, மழையில் சாய்ந்து கிடந்தது. நடந்ததை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஊர் போய்ச் சேர்ந்த பிறகு சொல்லத் தைரியம் இருக்காது.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு சித்திரை மாதம், கோதண்டனுக்கு ஒரு லட்சம் டாலருக்கு ஆர்டர் வந்தது. ஆடிக் கிருத்திகைக்கு முடி மலையாகக் குவியும்; அதை வாங்கிச் சுத்தம் செய்து ஐப்பசியில் அனுப்ப வேண்டும். அதற்குள் டாலர் விலை என்ன ஆகுமோ என்று பயந்தார். நான் ஃபார்வர்ட் காண்ட்ராக்ட் போடச் சொன்னேன். ஐப்பசியில் வரப்போகும் டாலரை எழுபத்தெட்டு ரூபாய்க்கு வங்கி எடுத்துக்கொள்ளும், விலையை இன்றே பேசி முடித்துவிடலாம், அவ்வளவுதான் விஷயம். “அதெப்படி சார், இன்னும் வராத டாலருக்கு இன்னிக்கே வெல?” என்று கேட்டார். நான் அழகாக ஓர் உவமை சொன்னேன். “நீங்க வேண்டிக்கிட்டு மஞ்சள் துணியில காசு கட்டி சாமி படத்துக்கிட்ட வைக்கிறீங்கல்ல, அது மாதிரி. கட்டினா கட்டினதுதான். அப்புறம் டாலர் எங்க போனாலும் உங்களுக்குக் கவலையில்லை.” அவர் முகம் தெளிந்தது. உடனே கையெழுத்துப் போட்டார். பக்கத்து மேசைக்காரர் என்னை மெச்சினார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

அந்த ஆண்டு விலைவாசியை அடக்க அமெரிக்காவில் வட்டியை ஏற்றினார்கள். ஒரு முறை இல்லை, திரும்பத் திரும்ப. வட்டி அதிகம் கிடைக்கிற இடத்துக்குப் பணம் ஓடும். டாலர் ஏறியது, ரூபாய் இறங்கியது. சரக்கு அனுப்புகிறவருக்கு இது லாபம்தானே என்று தோன்றும். ஆனால் அதே வட்டி அந்தச் சவுரி வியாபாரியின் கடனையும் ஏற்றியது. கடன் வாங்கிச் சரக்கு அடுக்க அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆனி மாதமே ஆர்டரை ரத்து செய்துவிட்டார். கோதண்டனுக்கு வர வேண்டிய டாலர் வரவில்லை. தருவதாகப் போட்ட கையெழுத்து மட்டும் இருந்தது. ஐப்பசியில் சந்தை விலை எண்பத்திரண்டரை. அந்த விலைக்கு டாலர் வாங்கி எழுபத்தெட்டுக்குத் தர வேண்டிய கணக்கில், வித்தியாசம் நாலரை லட்ச ரூபாயை அவர் கையிலிருந்து கட்டினார். இதற்குள் இங்கேயும் வட்டியை ஏற்றியிருந்தார்கள். ஏற்கெனவே முன்பணம் கட்டிய ஏலத்தை விட முடியாமல் எடுத்த முடி மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடக்க, அதற்காக வாங்கிய கடன் வளர்ந்துகொண்டே போனது. எங்கோ ஒரு மேசையில் எடுத்த முடிவு திருத்தணிக்காரர் ஒருவரை மூன்று பக்கமும் அடித்தது.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். ஆனியில் ஆர்டர் போனதும் அவர் ஏன் வங்கிக்கு வந்து சொல்லவில்லை? அன்றே சொல்லியிருந்தால் காண்ட்ராக்டை ரத்து செய்திருப்போம். அப்போது விலை எழுபத்தொன்பதுதான். ஒரு லட்ச ரூபாயோடு போயிருக்கும். ஐப்பசியில் இரண்டு முறை என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் ஆவணியிலேயே ஓய்வு பெற்றிருந்தேன். எடுக்கவில்லை.

8.45. திருத்தணி. ஸ்டேஷன் வாசலில் டீ பன்னிரண்டு ரூபாய், மசால் வடை எட்டு. வடை உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்கிற அளவுக்குச் சுருங்கியிருந்தது. கடைக்காரரிடம் கேட்டேன். “பாமாயிலு வெளிநாட்டுல இருந்து வர்து சார். வெலய ஏத்தினா ஆளு வரமாட்டான். வடைய கொறச்சா கண்டுக்க மாட்டான்,” என்றார். பணவீக்கம் பற்றி நான் கேட்ட கூட்டங்களில் எவரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

நகரி சாலையில் நாலு கிலோமீட்டர் போக ஆட்டோ நூற்றிருபது. ஓட்டியவர் பெயர் ரஃபி. முடிக் கொட்டகை என்றதும் திரும்பிப் பார்த்தார்.

“கோதண்டன் அண்ணன பாக்கவா? அவருக்கு இன்னா சார், டாலரு ஏறிகினே போவுது. யோகந்தான்.”

“கொட்டகையை விக்கிறார்னு சொல்றாங்களே?”

“பெருசா எங்கியாவது கட்டப் போறாரா இருக்கும். டாலரு பார்ட்டி சார் அவுரு.”

ஊரே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. நான் திருத்தவில்லை.

9.15. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. ஷாம்பூவும் ஈரமும் கலந்த வாடை. முப்பது பேர் உட்கார்ந்து வேலை செய்த இடத்தில் நாலு பெண்கள் இருந்தார்கள். பலகையில் வரிசையாக ஆணி அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அதில் முடியைக் கொத்துக் கொத்தாக இழுத்துச் சீவுகிறார்கள். வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம், ஓர் இழை மாறக் கூடாது. முனியம்மா என்ற பெண் ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்து “பதினெட்டு” என்றாள். அளவுகோல் வைத்துப் பார்த்தேன். பதினெட்டு அங்குலமேதான்.

“நாளைல இருந்து கம்பெனி வேனு ஏறப் போறேன் சார்,” என்றாள். “அங்க இந்தக் கண்ணுக்கு வேல இல்ல. பொட்டி ஒட்டணுமாம்.”

கோதண்டன் பின்கட்டிலிருந்து வந்தார். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வயது. நான் நினைத்ததைவிட மெலிந்திருந்தார். “வாங்க சார், வாங்க. மழையில கஷ்டப்பட்டு வந்துகிறீங்க,” என்று இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “அப்போ போன் பண்ணேன் சார். நீங்க வேலையா இருந்துருப்பீங்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

வாசலில் ஒரு மினி லாரி நின்றது. கோதண்டனின் மனைவியுடைய தம்பி நகரியிலிருந்து வந்திருந்தார். ஆணிப் பலகைகளை வாங்கிக்கொள்கிறவர் அவர்தான். “பாவா, பலகைங்கள ஏத்திரட்டுமா?” என்று மச்சினர் தயங்கிக் கேட்டார். “ஆங், ஏத்து. நனையாம தார்ப்பாய் போடு,” என்றார் கோதண்டன். ஒவ்வொரு பலகையாகப் போவதை அவர் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

கேட்டுவிட்டேன். “ஆர்டர் போனதும் பேங்குக்கு வந்து ஏன் சொல்லல?”

அவர் எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன மூட்டையை எடுத்துவந்தார். மஞ்சள் துணி. நிறம் வெளுத்து, முடிச்சு இறுகிப்போயிருந்தது.

“எப்டி சார் சொல்றது? காண்ட்ராக்ட்டு ஜெராக்ஸு, ஒரு ரூபா காசு. கையெழுத்துப் போட்ட அன்னிக்கே வூட்டுக்கு வந்து கட்டி சாமிகிட்ட வெச்சேன். நீங்கதான சொன்னீங்க, கட்டினா கட்டினதுதான்னு. கட்டினத அவுக்கக் கூடாது சார், எங்க பக்கம் அது ஆகாது. கெட்ட காலம் வந்தா தாங்கிக்கணும். வார்த்தய திருப்பி வாங்கக் கூடாது.”

ஆனியிலிருந்து ஐப்பசிவரை, டாலர் ஒவ்வொரு ரூபாயாக ஏற ஏற, இந்த மனிதர் என் உவமைக்கு விரதம் இருந்திருக்கிறார்.

“இன்னிக்கி இத மேல உண்டியல்ல போட்டுட்டு வந்துரலாம்னு இருக்கேன். நாளைக்கி கொட்டாய ஒப்படைக்கணும். நீங்களும் வாங்க சார்,” என்றார்.

11.00. மலைப்படி. முந்நூற்று அறுபத்தைந்து படிகள், வருடத்தின் நாட்களுக்கு ஒன்றாக. எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் படிக்குப் படி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து ஏறிக்கொண்டிருந்தது. வைத்ததை மழை அடுத்த நிமிடமே கரைத்தது. அவர்கள் நிறுத்தவில்லை.

பாதி தூரத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. மண்டபத்தில் ஒதுங்கினோம். சொல்லலாமா, விடலாமா என்று எனக்குள் பெரிய இழுபறி. சொல்லாவிட்டால் கெட்ட காலம் என்ற ஆறுதலாவது அவருக்கு மிஞ்சும். சொன்னால் அதுவும் போய்விடும். ஆனால் நான் தப்பித்துக்கொள்வதற்கு அவருடைய ஆறுதலைச் சாக்காக்குகிறேன் என்றும் தெரிந்தது. சொன்னேன்.

“கோதண்டன், அதை அவிழ்த்திருக்கலாம்.”

“எத சார்?”

“காண்ட்ராக்டை. எப்ப வேணாலும் ரத்து செய்யலாம். அன்னிக்கு இருந்த வித்தியாசத்தைக் கட்டினா போதும். வங்கியில தினமும் நடக்கிறதுதான். சாமி குத்தம் ஒண்ணும் இல்ல.”

அவர் கீழே தெரிந்த ஊரைப் பார்த்தார். சரவணப் பொய்கையில் மழைத்துளி விழுந்துகொண்டிருந்தது.

“ஆனியிலயே வந்துருந்தா எவ்ளோ சார் போயிருக்கும்?”

“ஒரு லட்சம்.”

“ஒரு லட்சம்,” என்றார். “வண்டிய வித்துருப்பேன் சார். அந்த நாலரையில மிச்சம் கைல நின்னுருந்தா, வட்டியக் கட்டிகினு ரெண்டு வருசம் தள்ளிருப்பேன். கொட்டாய் நின்னுருக்கும்.”

மன்னித்துவிடுங்கள் என்றேன். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. எழுந்து ஏற ஆரம்பித்தார். நான் பின்னாலேயே போனேன்.

12.10. சந்நிதி. கூட்டம் இல்லை, பத்தே நிமிடத்தில் தரிசனம். அதன்பின் உண்டியலுக்கு முன்னால் நின்று மடியிலிருந்து மஞ்சள் மூட்டையை எடுத்தார். கை உண்டியல் வாய்வரை போனது. நின்றது. பின்னாலிருந்த பெண் “போடுங்க, நகருங்க” என்றாள். அவர் போடாமலே நகர்ந்தார்.

இறங்கினோம். அடிவாரத்தில் மொட்டை போட்ட ஒரு கைக்குழந்தை சந்தனம் பூசிய தலையோடு அழுதுகொண்டிருந்தது. கோதண்டன் செருப்பை மாட்டிக்கொண்டு, மூட்டையை என் கையில் வைத்தார். குரலில் கோபம் இல்லை.

“இதுல சாமிக்கு ஒண்ணும் இல்ல சார். நான் அவர்கிட்ட எதுவும் வேண்டிக்கல. நீங்க சொன்னீங்க, நான் கட்டினேன். நீங்களே எடுத்துகினு போங்க.”

ஆட்டோவுக்குக் கையைக் காட்டி, ஸ்டேஷனுக்கு எவ்வளவு என்று எனக்காக அவரே பேரம் பேசி, ஏற்றிவிட்டார். நாற்பது ரூபாய்.

2.35. திரும்பும் ரயில். காலையில் முடியோடு வந்தவர்கள் மொட்டைத் தலையோடு லேசாகிப் போய்க்கொண்டிருந்தார்கள். என் சட்டைப்பையில் ஒரு ரூபாய்க் காசும் ஒரு தாளும் கனத்தன.

வழியில் ஒன்று நினைவுக்கு வந்தது, நினைக்காமல் இருந்திருக்கலாம். இங்கே வட்டி ஏறிய அதே வருடம்தான் என் ஓய்வுப் பணத்தை வைப்புநிதியில் போட்டேன். “நல்ல நேரத்துல ரிட்டயர் ஆனீங்க சார், வட்டி ஏறியிருக்கு,” என்று கிளையில் சொன்னார்கள். அன்று இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கோதண்டனின் மூட்டைகள் மேல் ஏறிய வட்டியும் என் வைப்புநிதியில் ஏறிய வட்டியும் ஒரே வட்டி. எனக்கு அது பால்கோவாவாக வந்தது.

மாலை 5.30. வீடு. சட்டையைத் துவைக்கப் போடுமுன் என் மனைவி பையைத் துழாவி மஞ்சள் மூட்டையை எடுத்தாள். “திருத்தணி போய் வேண்டிக்கிட்டு வந்தீங்களா? சாமி படத்துக்கிட்ட வைக்கிறேன். யாருக்கு வேண்டுதல்?” என்றாள்.

வைக்காதே, அதைக் கொடு என்று வாங்கிக்கொண்டேன். முடிச்சில் நகம் வைத்துப் பார்த்தேன். மூன்று வருடத்து முடிச்சு, மழையில் வேறு நனைந்திருந்தது. அவிழ்க்கலாம் என்று அந்த மனிதரிடம் அவ்வளவு சுலபமாகச் சொன்னவன் நான். என்னால் அவிழ்க்க முடியவில்லை.