பெண் ஒடித்த துரும்பு

அறுபதுகளின் கடைசியில், திருச்சுழி டூரிங் டாக்கீஸில், மணல் தரையில் உட்கார்ந்து நானும் அக்காவும் ஒரு படம் பார்த்தோம். புருசனின் அடி பொறுக்காத கிராமத்துப் பெண் ஒருத்தி ஊரையே எதிர்த்து நிற்கிற கதை. முக்கால் படம் வரை பெண்கள் பக்கம் ஒரே கைதட்டல். கடைசியில் அவன் திருந்தி வந்து நிற்கிறான். அவள் ஓடிப்போய் அவன் காலில் விழுகிறாள்.

"இவ எதுக்கு விழுகுறா?" என்றாள் அக்கா.

பின்னால் இருந்த ஒருத்தி, "விழுந்தாத்தானத்தா படம் முடியும். நம்ம வீடு போய்ச் சேர வேணாமா?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

அவள் அப்போது புருசனை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நரிக்குடிப் பக்கத்து ஆள் அவன். இன்னொருத்தியைக் கூட்டி வந்து அதே வீட்டில் வைத்துக்கொண்டான். கேட்டதற்கு அடித்தான். எங்கள் ஆட்கள் கல்யாணத்தை முறிக்கக் கோர்ட்டுக்குப் போவதில்லை. ஊர்க்கூட்டத்தில் ஒரு துரும்பை ஒடித்துப் போட்டால் தீர்ந்தது. ஆனால் புருசன்தான் ஒடிக்க வேண்டும். அவன் ஒடிக்க மாட்டேன் என்றான். அவனுக்குக் கூட்டி வந்தவளும் வேண்டும், களை எடுக்க அக்காவும் வேண்டும்.

இதற்காக மூன்றாவது தடவை கூட்டம் கூடியது. "அவளுக்குச் சோறு போட மாட்டேன்னா சொன்னேன்? வந்து இருக்கச் சொல்லுங்க" என்றான், ஏதோ தர்மம் செய்கிறவன் மாதிரி.

பெண்கள் கூட்டத்துக்குள் வரக் கூடாது, தள்ளித்தான் நிற்க வேண்டும். அக்கா உள்ளே போனாள். பக்கத்தில் இருந்த சோளத்தட்டைப் படப்பில் ஒரு துரும்பை உருவி, அவன் முகத்துக்கு நேரே ஒடித்துப் போட்டாள். தாலியைக் கழற்றி அதன் மேல் வைத்தாள்.

"பொம்பள ஒடிச்சாச் செல்லாது" என்று ஒரு குரல் வந்தது. அவன் குரல் இல்லை. எங்கள் அப்பாவின் குரல்.

"செல்லாட்டிப் போகுது" என்றாள் அக்கா. மறுநாளே அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டாள். தறிக்காரர்களுக்கு ராட்டையில் நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தாள். படத்துக்குக் கை தட்டிய பெண்களில் ஒருத்திகூட அவளைப் போய்ப் பார்க்கவில்லை. நான் போனேன். அதுவும் பயந்து பயந்து, வீட்டுக்குத் தெரியாமல்.

எட்டு வருசம் கழித்து அவன் செத்தான். பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் அவன் தம்பியும் இன்னும் நாலு பேரும் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். அப்பாவும் கூட வந்திருந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன்.

"மதினி, வாங்க. மூத்தவுக நீங்க வந்து தாலி அறுக்காம காரியம் நடக்காது" என்றான் தம்பிக்காரன்.

"எங்கிட்டத் தாலி இல்லையே."

"தெரியும். கயிறு கொண்டாந்திருக்கோம்."

கட்டிவிட்டு அறுப்பார்களாம். ஒடித்தது செல்லாது, அதனால் அவள் இன்னும் அவன் பெண்டாட்டிதானாம். எட்டு வருசம் அவள் கஞ்சி குடித்தாளா என்று கேட்க இவர்களில் ஒரு நாயும் வரவில்லை. விதவையாக்க மட்டும் ஆறு பேர் பஸ் ஏறி வந்தார்கள்.

அக்கா ராட்டையை நிறுத்தவில்லை. "யாரு கட்டுவா? செத்தவன் எந்திரிச்சு வந்து கட்டுவானா, இல்ல நீங்க கட்டுவீகளா?"

மஞ்சள் கயிறு அப்பா கையில் இருந்தது. அதை நான் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

அவர்கள் போன பிறகு அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நீயும் கெளம்பு."