விடுப்புத் தாளில் எழுதிய உண்மை

ஹைதராபாத்தில் ஒரு அரசுத் தொழிற்சாலையில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். ஷாப்பில், அதாவது எங்கள் மெஷின் கூடத்தில், நான்தான் கோமாளி. போன வருடம் மாதக்கணக்காகத் தூக்கமில்லை. காரணமில்லாமல் அழுகை வந்தது. மருத்துவர் மாத்திரை கொடுத்து ஓய்வெடுக்கச் சொன்னார். விடுப்புத் தாளில் 'மனச்சோர்வு' என்று அப்படியே எழுதிவிட்டேன். அது மேஜை மேஜையாகக் கையெழுத்து வாங்கி அதிகாரியிடம் போவதற்குள் ஷாப்பே சிரித்தது.

"எல்லாரையும் சிரிக்க வைக்கிற உனக்கென்னய்யா சோர்வு? லீவெல்லாம் நக்கோ, வேணாம், போய் மெஷினைப் பாரு!" என்றார் அதிகாரி. நானும் சிரித்தேன், பழக்கதோஷம்.

மறுநாள் மாத்திரை மயக்கத்தில் அச்சுக்குள் கையை விட்டேன். பக்கத்து மெஷின் டேவிட் இழுத்திராவிட்டால் விரல்கள் போயிருக்கும். ஓடிவந்த அதிகாரி முதலில் மெஷினைத்தான் தடவிப் பார்த்தார்.

"கை போயிருந்தா லீவு கொடுத்திருப்பேனே!" என்றார்.

இப்போது மெஷின் ஓட்டுவதைச் சொல்லித்தான் மருத்துவரிடம் மயக்கம் தராத மாத்திரை வாங்குகிறேன். விடுப்புத் தாளில் வயிற்றுப்போக்கு என்று எழுதுகிறேன். யாரும் சிரிப்பதில்லை, உடனே கையெழுத்தாகிறது.